மிஷன் பீக் மலைக்கு முதல்முறை போகிறவர்கள் எதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்?

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரை ஒட்டி இருக்கும் மிஷன் பீக் மண்டலப் பூங்காவுக்கு முதல்முறை போகிறோம், எப்போது போகலாம், எந்தப் பாதையில் ஏறலாம், மேலே தெரியும் காட்சி அந்த ஏற்றத்துக்குத் தகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தகும். நாளும் நேரமும் சரியாக அமைந்தால் தகும். இந்த இரண்டையும் கவனிக்காமல் போய் ஒருமுறை ஏமாந்து, அடுத்தமுறை வாயடைத்து நின்றவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல்முறை போனது ஒரு ஜூலை மாதம். என் அக்காவும் நானும். காலை பத்தரை மணிக்கு ஸ்டான்ஃபோர்ட் அவென்யூ வாசலில் இருந்து ஏற ஆரம்பித்தோம். கீழே நின்று பார்த்தால் சிகரம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆளுக்கு ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில். அரை மணி நேரத்தில் பாதி காலி. அந்தப் பாதையில் நிழல் என்று ஒதுங்க மரமே அநேகமாகக் கிடையாது. ஒரு மேட்டைத் தாண்டினால் சிகரம் வந்துவிடும் என்று தோன்றும். தாண்டினால் அதற்குப் பின்னால் இன்னொரு மேடு நிற்கும்.

"இன்னும் எவ்வளவு தூரம்டா?" என்று அக்கா கேட்டுக்கொண்டே வந்தாள்.

"இதோ, அந்த வளைவு தாண்டினா வந்துடும்க்கா" என்று நானும் மூன்று முறை சொல்லிவிட்டேன். தெரியாமல் சொன்னதுதான், ஆனாலும் பொய்தான். மூன்றாவது வளைவில் அவளுக்குத் தலை சுற்றி, பாதையோரப் பாறையில் உட்கார்ந்துவிட்டாள். எதிரே இறங்கி வந்த ஒரு வயதான தம்பதி தங்கள் தண்ணீரில் பாதியை எங்கள் பாட்டிலில் ஊற்றிவிட்டு, "மேலே போகாதீர்கள், இறங்குங்கள்" என்றார்கள். அன்று அப்படியே இறங்கினோம். ஏறிய உயரத்தில் இருந்து திரும்பிப் பார்த்தால் சான் பிரான்சிஸ்கோ விரிகுடா இருக்க வேண்டிய இடத்தில் வெளிறிய மங்கல்தான் இருந்தது. சிகரத்துக்கே போயிருந்தாலும் வேறு எதுவும் தெரிந்திருக்காது என்பது பின்னால்தான் புரிந்தது.

கணக்கைச் சொல்கிறேன். சிகரத்தின் உயரம் 2,517 அடி, அதாவது சுமார் 767 மீட்டர். ஸ்டான்ஃபோர்ட் அவென்யூ வாசலில் இருந்து ஹிடன் வேலி பாதை வழியாகப் போக மூன்று மைல், வர மூன்று மைல். இந்த மூன்று மைலுக்குள் இரண்டாயிரம் அடிக்கும் மேல் ஏற வேண்டும். ஆறு மைல் நடை என்று கேட்டால் சாதாரணமாகத் தெரியும். சமதளத்தில் ஆறு மைல் நடப்பவர்கள் இங்கே திணறுவது இந்த ஏற்றத்தால்தான்.

நேரத்தைக் கணக்கிட, ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன ஒரு எளிய விதி இருக்கிறது: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு இரண்டாயிரம் அடிக்கும் இன்னொரு மணி நேரம். இதன்படி மிஷன் பீக் போய்வர மூன்று மணி நேரம். இது நிற்காமல் நடக்கும், பழகிய ஆளுக்கான கணக்கு. முதல்முறை போகிறவர்கள், கூட வருகிறவர்களில் ஒருவருக்காவது மூச்சு வாங்கும் என்றால், ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். கிளம்பும்போதே "இத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவோம்" என்று எல்லாரும் பேசி வைத்துக்கொள்வது நல்லது. பாதி வழியில், களைப்பில், அந்த முடிவை எடுப்பது கஷ்டம்.

இனி காட்சி.

ஓர் உயரத்தில் நின்றால் தொடுவானம் எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்பதைச் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் தூரம் கிலோமீட்டரில் வரும். 767 மீட்டருக்கு ஏறக்குறைய 99 கிலோமீட்டர். தொலைவில் நிற்பதும் உயரமான மலையாக இருந்தால் அதன் பங்கும் இதோடு சேரும். மூவாயிரம் மீட்டரைத் தாண்டும் சியர்ரா நெவாடா மலைத்தொடர் இங்கிருந்து இருநூறு கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. பூமியின் வளைவு அதை மறைப்பதில்லை. மறைப்பது நடுவில் இருக்கும் காற்றுதான்: தூசி, ஈரம், புகை. கோடையில் பல நாட்களில் இவை சேர்ந்து வெயிலைச் சிதறடித்து வெள்ளைத் திரை போட்டுவிடுகின்றன. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் அந்தத் தூசியெல்லாம் கழுவப்பட்டிருக்கும்.

அதனால்தான் இரண்டாம் முறை ஜனவரியில் போனோம். இரண்டு நாள் மழை நின்று வானம் வெளுத்த ஒரு சனிக்கிழமை. அக்காவை வரச் சம்மதிக்க வைக்கத்தான் ஒரு வாரம் ஆயிற்று.

இங்கே பலரும் சொல்லாத ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். மலை என்றாலே விடியற்காலையில் ஏறு என்பார்கள். கோடைக்கு அது மிகச் சரி, அதை மீறவே கூடாது. ஆனால் குளிர்காலத்தில் சியர்ராவின் பனியைப் பார்க்க வேண்டும் என்றால் காலை உதவாது. அந்த மலைகள் கிழக்கிலும் வடகிழக்கிலும் இருக்கின்றன, காலை வெயில் அந்தப் பக்கத்தில் இருந்து நேராகக் கண்ணில் அடிக்கும். மதியம் இரண்டு மணிக்கு மேல் சூரியன் தென்மேற்குக்குப் போய்விடும். அப்போது ஒளி உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்து போய்ப் பனியின் மேல் விழும். மேற்கே விரிகுடாவைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதற்கு நேர் எதிர், காலைதான் நல்லது. எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவுசெய்துகொண்டு புறப்படும் நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பதினொரு மணிக்கு ஏற ஆரம்பித்து, நின்று நின்று, ஒன்றரைக்கு மேல்தான் சிகரத்தை அடைந்தோம். கடைசி கால் மைல் பாறைப் பகுதி. காலை எங்கே வைக்கிறோம் என்று பார்த்துப் பார்த்து ஏற வேண்டும். நான் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது அக்கா முன்னால் போய்விட்டாள். "ஏய், இங்க வாயேன், மேகம் ஏன் அசையாம நிக்குது?" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். அது மேகம் இல்லை. கிழக்குத் தொடுவானம் நெடுக, வெள்ளையாக, பல் பல்லாக, பனி மூடிய மலைகள். பத்து நிமிடம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. எனக்குக் கண் கலங்கியதற்குக் காற்றும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் காற்று மட்டும் காரணம் இல்லை.

மற்ற திசைகளையும் விட்டுவிடாதீர்கள். வடக்கே 3,849 அடி உயர டியாப்லோ மலை. வடமேற்கே, விரிகுடாவுக்கு அப்பால் டாமல்பாயஸ் மலை. தெற்கே ஹாமில்டன் மலையின் உச்சியில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிவது லிக் வானாய்வகத்தின் குவிமாடங்கள், 1888-ல் இருந்து அங்கே இருக்கின்றன. மேற்கே சாண்டா குரூஸ் மலைகள், அவற்றுக்கு முன்னால் விரிகுடாவின் தென்முனையில் உப்பளங்கள். அந்தப் பாத்திகள் சில பச்சை, சில செம்மண் நிறம், சில ரோஜா நிறம். நீரில் உப்பு ஏற ஏற அதில் வாழும் நுண்பாசிகளும் நுண்ணுயிர்களும் மாறுகின்றன, நிறமும் மாறுகிறது. கீழே சாலையில் போகும்போது இது ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை.

சிகரத்தில் ஒரு கம்பம் நிற்கும். 1990-ல் பூங்காக் காவலர் ஒருவர் நட்டது. அதன் மேல் ஏறி நின்று படம் எடுக்க வரிசை நிற்கிறது. தயவுசெய்து ஏறாதீர்கள். அந்தக் கம்பத்தில் குழாய்கள் பதித்திருக்கிறார்கள், அவற்றின் வழியாகப் பார்த்தால் சுற்றியுள்ள இடங்கள் எந்தத் திசையில் என்று தெரியும்படி. அது பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட பொருள். வரிசையில் நிற்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அதைவிடப் பெரிய வருத்தம் குறுக்கு வழிகள். பாதை வளைந்து வளைந்து போவதால் சிலர் வளைவுகளை வெட்டி நேராக மேலே ஏறுகிறார்கள். ஒருவர் ஏறினால் புல் மடங்கும், ஆயிரம் பேர் ஏறினால் மண் வெளியே தெரியும், அடுத்த மழையில் அந்தத் தடம் ஓடையாகிவிடும். இந்த மலையின் மண் ஏற்கெனவே இளகியது. 1998-ல், எல் நினோ கொண்டுவந்த கனமழைக்குப் பின் மேற்குச் சரிவில் பெரிய நிலச்சரிவு ஏற்பட்டது. அந்தத் தழும்பை இன்றும் பார்க்கலாம். பூங்காக்காரர்கள் வேலி போட்டு, புல் வளர்த்து அந்தக் குறுக்குத் தடங்களை மூடப் பாடுபடுகிறார்கள். "இங்கே நடக்காதீர்கள்" என்று பலகை இருந்தால் அதற்கு இதுதான் காரணம்.

பாதையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஸ்டான்ஃபோர்ட் அவென்யூ வாசலில் வண்டி நிறுத்த இடம் மிகக் குறைவு. வார இறுதியில் காலையிலேயே நிரம்பிவிடும். சுற்றியுள்ள பல தெருக்களில் அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான் வண்டி நிறுத்த அனுமதி. முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது ஓலோனி கல்லூரிப் பக்கம். கட்டணம் கட்டி வண்டியை நிறுத்திவிட்டு ஏறலாம். சற்றே நீளமான பாதை, ஆனால் ஏற்றம் கொஞ்சம் சீராக இருக்கும், ஆரம்பத்தில் அங்கங்கே நிழலும் உண்டு, கூட்டமும் குறைவு. இரண்டு வாசல்களின் திறப்பு நேரமும் வேறுபடலாம், மாறவும் செய்யும். கிளம்பும் முன் பூங்காவை நடத்தும் ஈஸ்ட் பே மண்டலப் பூங்கா மாவட்டத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். (1934-ல், பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், இப்பகுதி மக்கள் வாக்களித்து, தங்கள் மேல் தாங்களே வரி போட்டுக்கொண்டு உருவாக்கிய அமைப்பு அது. வேலையே இல்லாத காலத்தில் மலைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தார்களே என்று அடிக்கடி யோசிப்பேன்.)

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், கோடையில் மூன்று. பாதையில் நம்பிக் குடிக்க எதுவும் கிடைக்காது. தொப்பி கட்டாயம். அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் ஷூ வேண்டும், அது ஏறுவதற்கு அல்ல, இறங்குவதற்கு. சரளைக் கற்கள் உருண்டு காலை வாரிவிடும். முழங்காலில் பிரச்சினை உள்ளவர்கள் ஊன்றுகோல் எடுத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது மூச்சுதான் வாங்கும், தொடை வலிப்பது இறங்கியதால்தான்: தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. அந்த வலி மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான் உச்சத்துக்கு வரும். திங்கட்கிழமை படி இறங்க முடியாவிட்டால் பயந்துவிடாதீர்கள்.

வழியில் மாடுகள் மேயும். பூங்காக்காரர்களே மேய விடுபவைதான், காய்ந்த புல் குவிந்து தீப்பிடிக்காமல் இருக்க. கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் போகாமல் ஒதுங்கிப் போனால் போதும். கதவுகளைத் திறந்தால் திரும்பச் சாத்திவிடுங்கள். வெயில் காலத்தில் ராட்டில்ஸ்நேக் இருக்கும், வாலைக் கிலுகிலுப்பை மாதிரி ஆட்டும் விரியன். பாதையின் நடுவில் நடந்தால், பாறை இடுக்கில் கை விடாமல் இருந்தால், அது தன் வழியே போய்விடும். ஓடையோர நிழலில் மூன்று மூன்று இலையாக ஒரு செடி இருந்தால் தொடாதீர்கள், பாய்சன் ஓக், வாரக்கணக்கில் அரிக்கும்.

எந்த மாதம்? பச்சை வேண்டுமானால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, ஆரஞ்சு நிறப் பாப்பிப் பூக்களும் கிடைக்கும். மே மாதத்துக்குப் பின் மலை முழுக்கப் பொன்னிறமாகிவிடும். அது இந்த மண்ணின் பழைய நிறமல்ல. ஐரோப்பியர்களோடு வந்த, ஒரே பருவத்தில் முளைத்துச் சாகும் மத்தியதரைக்கடல் புல்வகைகள் காய்ந்த நிறம். இங்கே முன்பு அதிகம் இருந்தவை ஆண்டுக்கணக்கில் வாழும் கொத்துப்புற்கள். பனிக்காட்சிக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை, மழை விட்ட மறுநாள். மழைக்குப் பின் சில இடங்களில் களிமண் ஷூவில் அப்பிக்கொண்டு ஆளுக்கு ஒரு கிலோ கூடும், பரவாயில்லை. ஜூலை, ஆகஸ்ட் நடுப்பகலை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். ஒவ்வொரு கோடையிலும் வெயிலில் மயங்கியவர்களை இறக்கக் காவலர்கள் ஓட வேண்டியிருக்கிறது.

அந்த ஜனவரி மதியம் இறங்கக் கிளம்பியபோது, சிகரத்துக்குக் கீழே கிழக்கே பிரிந்து போகும் ஒரு பாதையை அக்கா காட்டி எங்கே போகிறது என்று கேட்டாள். ஓலோனி வனப்பாதை. 28 மைல். சுனோல் வழியாக, டியாப்லோவைவிட 32 அடியே குறைவான ரோஸ் பீக்கைத் தொட்டு, டெல் வாலே ஏரிக்குப் போய்ச் சேர்கிறது. நடக்க முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், இரவு தங்க முகாம் இடங்கள் உண்டு. "நம்மளால முடியுமா?" என்றாள். ஜூலையில் பாறையில் உட்கார்ந்திருந்தவள். இப்போது வாரம் இரண்டு நாள் மாலையில் ஏற்றமாகப் பார்த்து நடந்துகொண்டிருக்கிறோம், ஏப்ரலில் போவதாக எண்ணம்.