கோபுரத்தடியிலா, வடகரையிலா?

கேள்வி: டெல்லியில் 38 வருடம் ஓடிவிட்டது. மத்திய அரசுப் பணியில் ஓய்வு பெற்று 7 வருடம். எனக்கு 67, மனைவிக்கு 63. டிசம்பர் பிறந்தால் புகையும் குளிரும் சேர்ந்து எனக்கு மூச்சிரைப்பு, அவளுக்கு முழங்கால் பிடிப்பு. இந்த முறை மார்கழியையும் தையையும் மதுரையில் கழிக்க நினைக்கிறோம். சொந்தம் என்று அங்கே இப்போது யாரும் இல்லை. கோயிலை ஒட்டிய வீதியிலேயே தங்க வேண்டும் என்பது என் ஆசை. “அடுப்படி உள்ள, சத்தமில்லாத வீடு பாருங்கள்” என்கிறாள் அவள். எப்போது கிளம்புவது, எங்கே தங்குவது, எதில் ஏமாந்துவிடக் கூடாது?
— வாசகர், புது டெல்லி

பதில்: அம்மா சொல்வதைக் கேளுங்கள் ஐயா.

கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே காபி குடிப்பது நாலு நாளைக்கு நன்றாக இருக்கும். அறுபது நாளைக்கு அந்த இடம் ஆகாது. சித்திரை வீதிகளில் வாகனம் விடுவதில்லை. மாத்திரை வாங்கப் போனாலும், அரிசிப் பையோடு திரும்பினாலும் நடைதான். வெளியே தள்ளி ஆவணி மூல வீதி, மாசி வீதிக்கு வந்தால் கீழே கடை, மேலே குடித்தனம். படி செங்குத்தாக இருக்கும், லிப்ட் அபூர்வம். மொத்த வியாபாரக் கடைகளுக்குச் சரக்கு இறக்கும் சத்தம் தனி. இதற்கெல்லாம் மேலே, நீங்கள் வரும் மாதம் ஐயப்ப சீசன். கார்த்திகை பிறந்ததிலிருந்து மகரவிளக்கு வரை சபரிமலைக்குப் போகிறவர்களும் திரும்புகிறவர்களும் மீனாட்சியைப் பார்க்காமல் போக மாட்டார்கள். நடுவில் அரையாண்டுப் பரீட்சை லீவு வேறு. டிசம்பர் கடைசி வாரத்தில் கோயிலைச் சுற்றிய லாட்ஜுகளில் அறை கிடைப்பதே பெரிய பாடு.

உங்கள் ஆசையையும் விட வேண்டாம். முதல் மூன்று நான்கு இரவு மேலப் பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் ஒரு லாட்ஜில் தங்குங்கள். ரயில் நிலையமும் பக்கம், கோயிலும் பக்கம். லிப்ட் இருக்கிறதா, அது கீழ்த்தளத்திலிருந்தே கிளம்புகிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். பத்துப் படி ஏறிய பிறகு லிப்ட் தொடங்கும் கட்டடங்கள் அங்கே உண்டு. அந்த நாலு நாளில் கோயிலைக் கண் குளிரப் பார்த்துவிட்டு, வீட்டை நேரில் பார்த்து முடிவு செய்யுங்கள். போட்டோவைப் பார்த்து இரண்டு மாத வாடகையை முன்கூட்டி அனுப்பிவிடாதீர்கள்.

தேதிக்கு வருவோம். மதுரைக்கு மழை அக்டோபர், நவம்பரில். டிசம்பர் முதல் வாரத்திலும் புயல் சின்னம் என்று இரண்டு நாள் கொட்டலாம். டெல்லிப் பக்கம் பனிமூட்டம் தடிப்பது டிசம்பர் பாதிக்கு மேல். அதன்பின் ரயிலும் காலை விமானமும் மணிக்கணக்கில் தாமதமாகும். ஆக, டிசம்பர் 10 வாக்கில் கிளம்பி, பிப்ரவரி 12 வாக்கில் திரும்புவது சரியாக இருக்கும். ஜனவரியில் மதுரையில் விடிகாலை 20, 21 டிகிரி, மதியம் 30ஐ ஒட்டி. பிப்ரவரி பாதிக்கு மேல் வெயில் ஏறத் தொடங்கும், மார்ச்சில் இருக்க முடியாது. ஸ்வெட்டர்களை டெல்லியிலேயே விட்டுவிட்டு ஆளுக்கு ஒரு சால்வை எடுத்துவாருங்கள், மார்கழி விடிகாலைக்கு அது போதும்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான். டிசம்பர் 10 பயணத்துக்கு அக்டோபர் 11, பிப்ரவரி 12க்கு டிசம்பர் 14, காலை 8 மணிக்குத் திறக்கும். மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றுபோனது. கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு மட்டும் இருக்கிறது. பதிவு செய்யும்போது அந்தக் கோட்டாவைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே டிக்கெட்டில் நீங்கள் இருவர் மட்டும் இருங்கள்; மகனோ பேத்தியோ சேர்ந்தால் அது பொருந்தாது. நிஜாமுதீனிலிருந்து நேராக வரும் சம்பர்க் கிராந்தியில் 40 மணி நேரத்துக்கு மேல் உட்கார முழங்கால் ஒத்துக்கொள்ளாது என்றால், சென்னைக்கு மதிய விமானம், ஒரு இரவு ஓய்வு, மறுநாள் மதியம் எழும்பூரில் வைகை எக்ஸ்பிரஸ். ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு மதுரை.

ஓய்வூதியக்காரர் என்பதால் ஒன்று: நவம்பரில் கொடுக்க வேண்டிய வாழ்நாள் சான்றிதழைக் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள். போனில் முகம் காட்டியே முடிக்கலாம்.

இனி வீடு. வைகைக்கு வடகரையில் அண்ணா நகர், கே.கே. நகர், சொக்கிகுளம், பீபிகுளம் இந்த நாலில் தேடுங்கள். தென்கரையில் என்றால் எஸ்.எஸ். காலனி. அண்ணா நகருக்கு என் ஓட்டு. 1999இல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறந்தது அங்கேதான், காலை 7 மணிக்குள் போனால் பச்சை மொச்சை, நாட்டு அவரை எல்லாம் பனி ஈரத்தோடு கிடைக்கும். டெல்லியில் 38 வருடமாக அம்மா எதைத் தேடினாரோ அது அங்கே கூறு கட்டிக் கிடக்கும்.

மதுரையில் சாதாரண வாடகைக்கு விடுகிறவர்கள் இரண்டு மாதத்துக்குத் தர மாட்டார்கள். தரகர்கள் “ஒத்திக்கு இருக்கு” என்பார்கள்; லட்சக்கணக்கில் மொத்தமாகக் கொடுத்து வருடக்கணக்கில் இருக்கிறவர்களுக்கானது அது, உங்களுக்கு வேண்டாம். சாமான் சட்டியோடு மாத வாடகைக்கு விடும் சர்வீஸ் அபார்ட்மென்ட், அல்லது பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க மாடியில் வீட்டுக்காரர் குடியிருக்கும் தரைத்தள வீடு, இந்த இரண்டுதான் சரிவரும். இரண்டாவதில் ராத்திரி மூச்சுத் திணறினால் கூப்பிட ஓர் ஆள் இருக்கும்.

வீட்டை இரண்டு தடவை பாருங்கள்: பகலில் ஒரு தடவை, ராத்திரி 8 மணிக்கு மேல் ஒரு தடவை. பகலில் போனதும் நேராகக் குளியலறைக்குப் போங்கள். குழாய் வாயில் வெள்ளைப் பொருக்குப் படிந்திருந்தால் போர்த் தண்ணீர் உப்பு. கையில் ஒரு துண்டு சோப்பு எடுத்துப்போய்த் தேயுங்கள். நுரைக்காமல் திரி திரியாகப் பிரிந்தால் சந்தேகமே வேண்டாம். அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் குழையாது, சமையலுக்கும் கேன் தண்ணீர்தான். கார்ப்பரேஷன் தண்ணீர் எந்தெந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வரும், பிடித்து வைக்கத் தொட்டி இருக்கிறதா என்பதை வீட்டுக்காரரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள்.

கழிப்பறை மேல்நாட்டு வகையாக இருந்தாலும் உயரம் பாருங்கள். உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிட மேலே தூக்கி நின்றால் எழுந்திருக்க முடியாது. சர்ஜிகல் கடைகளில் உயரமான கமோடு நாற்காலி வாடகைக்கே கிடைக்கிறது. டைல்ஸில் ஒட்டவைக்கும் ரப்பர்க் கைப்பிடி மட்டும் வாங்காதீர்கள். ஈரம் பட்டால் பிடி விட்டுவிடும், அதை நம்பிச் சாய்ந்தவர் விழுவார். குளியலறை வாசற்படி உள்ளே பள்ளமா மேடா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், ராத்திரியில் தடுக்குவது அங்கேதான்.

ராத்திரி போவது இரண்டு விஷயத்துக்காக. ஒன்று கொசு. ஜன்னலில் வலை இருக்கும், ஓரத்தில் கிழிந்திருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். மழைக்குப் பிந்தைய மாதங்கள் டெங்குக் காலம், அந்தக் கொசு பகலில் கடிப்பது, ஆகவே வலை பகலிலும் மூடியிருக்க வேண்டும். இன்னொன்று மைக் செட். மார்கழி 30 நாளும் தெருக்கோயில் குழாய் ஸ்பீக்கர் விடியுமுன் பாடத் தொடங்கிவிடும். பக்திதான், மறுக்கவில்லை, ஆனால் ஸ்பீக்கர் உங்கள் படுக்கையறை ஜன்னலைப் பார்த்து இருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பதில் பாவம் ஒன்றும் இல்லை.

குடியேறும் அன்றே மின் மீட்டரைப் போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். மின்வாரியக் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. உங்களுக்கு முந்தி இருந்தவர் ஓட்டிய ஏ.சி.யும் உங்கள் தலையில் விழக்கூடாது. யூனிட்டுக்கு எவ்வளவு என்பதை வாடகைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். பராமரிப்புக்கென்று ஒரு நாள் காலையிலிருந்து மாலை வரை மின்சாரம் நிறுத்துவார்கள், தேதி முந்தின நாள் செய்தித்தாளில் வரும். நெபுலைசர் வைத்திருந்தால் இன்வெர்ட்டர் உள்ள வீடாகப் பாருங்கள். கேஸ் இணைப்பு இல்லாத வீடு என்றால் 5 கிலோ சின்ன சிலிண்டர் அடையாள அட்டையைக் காட்டினாலே தருகிறார்கள், இரண்டு பேர் சமையலுக்கு மூன்று வாரம் போல ஓடும்.

உடம்பு விஷயத்தில் பலரும் கோட்டை விடும் இடம் ரத்த அழுத்தம். குளிரில் ஏறி நிற்கும் அழுத்தம் வெப்பமான ஊருக்கு வந்ததும் இறங்கும். டெல்லி டிசம்பருக்காக எழுதிய மாத்திரை, குறிப்பாக நீர் பிரியும் மாத்திரை, இங்கே அதிகமாகப் போய்த் தலைசுற்றல் கொடுக்கலாம். முதல் 10 நாள் காலையும் மாலையும் அளந்து எழுதிவையுங்கள், அந்தக் காகிதத்தோடு இங்கே ஒரு மருத்துவரைப் பாருங்கள். நீங்களாகக் குறைக்காதீர்கள். மாத்திரைச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பெயரும் இருக்கட்டும். டெல்லியில் கிடைக்கும் பிராண்டு இங்கே கிடைக்காமல் போகலாம். மூச்சிரைப்புக்கு மதுரைக் காற்று டெல்லிக்கு எவ்வளவோ மேல், ஒரு நாள் தவிர. போகி விடிகாலையில் தெருத்தெருவாகப் பழைய பாயும் டயரும் எரியும். அன்றைக்கு 9 மணி வரை ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளேயே இருங்கள், இன்ஹேலர் கைக்கு எட்டட்டும்.

கண்புரை முற்றியிருக்கிறது, தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் இந்த இரண்டு மாதமே தோது. அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் தொடங்கியது இந்த ஊரில்தான். வந்த முதல் வாரத்திலேயே காட்டிவிடுங்கள். சொட்டு மருந்துக்கும் மறுபார்வைக்கும் வாரக்கணக்கில் ஆகும். ஜனவரி கடைசியில் போய் நின்றால் திரும்பும் டிக்கெட்டை மாற்ற வேண்டிவரும்.

கோயிலுக்குச் செவ்வாய், புதன், வியாழனில் காலை 7 மணிக்கு, இல்லாவிட்டால் ராத்திரி 8.30க்கு மேல். வெள்ளி, சனி, ஞாயிறு வேண்டாம். பகல் 12.30க்கு நடை சாத்தி 4 மணிக்குத் திறப்பார்கள். மார்கழியில் விடிகாலை நடை முந்தும். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடித்த பிறகு செல்போன் உள்ளே போவதில்லை. அதை வீட்டிலேயே வைத்துவிட்டால் ஒப்படைக்கும் வரிசை ஒன்று மிச்சம். அம்மாவுக்குச் சிரமம் தரிசன வரிசையைவிட, செருப்பு விட்ட இடத்திலிருந்து வெறுங்காலில் நடக்கும் கருங்கல் தூரம்தான். பொற்றாமரைக் குளப் படியில் கால்மணி உட்கார்ந்துவிட்டு எழுந்து போனால் தாங்கும். இரவு பள்ளியறை பூஜைக்கு இருந்துவிட்டு வருவதானால் திரும்ப ஆட்டோவுக்கு முன்பே பேசி வையுங்கள். மீட்டர் என்று ஒன்று இருப்பதை இந்த ஊர் ஆட்டோக்கள் மறந்து வெகுநாள் ஆகிறது. பகலில் அம்மாவுக்குச் சாதாரண டவுன் பஸ் இலவசம், வெளியூர்க்காரர் என்று யாரும் கேட்க மாட்டார்கள். உங்களுக்குத்தான் டிக்கெட்.

தினசரி நடைக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் வெட்டியது, நாலு கரையும் சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல், முழுக்கச் சமதளம். தைப்பூசத்தன்று அங்கே தெப்பம். ராத்திரி நெரிசலுக்குள் போகாமல் காலைச் சுற்றைப் பாருங்கள். மார்கழி அஷ்டமிச் சப்பரம் ஊர்க்காரர்கள் மட்டுமே அதிகம் வரும் விழா. எல்லா உயிருக்கும் சுவாமி படியளக்கிறார் என்று வீதியெங்கும் அரிசி தூவிப் போவார்கள். அம்மன் சப்பரத்தை இழுப்பது பெண்கள்.

ஜல்லிக்கட்டுக்கு நேரில் போக வேண்டாம். பொங்கலன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கும் மறுநாள் அலங்காநல்லூர். மூன்றையும் டிவியில் வசதியாகப் பார்க்கலாம். மழையோ அலுப்போ உள்ள பகலுக்கு நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் போதும். அரை நாள் பயணம் என்றால் கீழடி அருங்காட்சியகம், ஊரிலிருந்து 12 கிலோமீட்டர். கீழக்குயில்குடி சமணர் மலையில் நீங்கள் ஏறலாம், அம்மா அடிவாரத்தில் அய்யனார் கோயில் ஆலமரத்தடியில் தாமரைக் குளத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும். பக்கம்தானே என்று ஜனவரியில் யாராவது கொடைக்கானலுக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள். குளிருக்குப் பயந்து வந்தவர்கள் நீங்கள்.

பூ விஷயத்தில் அம்மாவுக்கு ஓர் எச்சரிக்கை. பனியில் மல்லி மொட்டு வைப்பது குறைந்து, மார்கழி, தையில் கிலோ ஆயிரங்களில் ஏறி நிற்கும். முழத்தின் விலையைக் கேட்டுவிட்டு நீட்டச் சொல்லுங்கள். ஊர் திரும்பும் அன்று டெல்லிக்கு எடுத்துப்போவதானால் காலையிலேயே இறுக்கமான மொட்டாக உதிரிப் பூ வாங்கி, ஈரமில்லாத வாழையிலையில் சுற்றித் தெர்மாகோல் டப்பாவில் வையுங்கள். தண்ணீர் தெளித்துவிட்டால் வழியிலேயே பழுத்துப்போகும்.