ஐ5-8400 செயலியும் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டும் உள்ள கணினிக்கு ஆர்டிஎக்ஸ் 4060 வாங்கலாமா? 'பாட்டில்நெக்' ஆகுமா?

வாங்கலாம், ஆனால் உங்கள் திரை 60 ஹெர்ட்ஸ் ஃபுல் எச்டி என்றால், அதைவிடக் குறைந்த விலையில் கிடைக்கும் ஆர்எக்ஸ் 6600 கார்டே போதும் என்பது என் கருத்து. 'பாட்டில்நெக்' (செயலி, கார்டு இரண்டில் ஒன்று மற்றதன் வேகத்தை முடக்குவது) இத்தனை சதவீதம் என்று கணக்கிட்டுச் சொல்லும் இணையதளங்களை நான் பொருட்படுத்துவதில்லை. ஒரே கணினியில் ஒரு கேமில் செயலியும் இன்னொரு கேமில் கார்டும் திணறுவது இயல்பு என்பதால், அந்த ஒற்றை எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை.

ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் (திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்துக்கும்) கதாபாத்திரங்களின் அசைவு, மோதல்கள், வரைவதற்கான கட்டளைகள் ஆகியவற்றைச் செயலி தயாரித்துக் கொடுத்த பிறகே கார்டு படத்தை வரைகிறது. ரெசல்யூஷனை ஏற்றினால் கார்டின் வேலை பெருகுமே தவிர, செயலியின் வேலை பெரிதாக மாறாது. ஆகவே, நீங்கள் விளையாடும் கேமில் உங்கள் செயலியின் உச்சவரம்பு எவ்வளவு என்பதை இப்போதே சோதித்துப் பார்த்துவிடலாம். ரெசல்யூஷனையும் நிழல், டெக்ஸ்ச்சர் போன்றவற்றையும் மிகக் குறைவாக வைத்து (கூட்டத்தின் அடர்த்தி, பார்வைத் தூரம் ஆகியவை செயலியையும் வருத்துபவை, அவற்றை மட்டும் நீங்கள் விரும்பும் அளவிலேயே விட்டுவிடுங்கள்), எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருளில் கார்டின் பயன்பாட்டைக் கவனியுங்கள். விசிங்க் போன்ற வேக வரம்பு எதுவும் இல்லாதபோது அது 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருந்தால், அப்போது தெரியும் எஃப்பிஎஸ்தான் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்கள் என்ற எண்) ஏறத்தாழ உங்கள் செயலியின் வரம்பு. எவ்வளவு விலையுயர்ந்த கார்டைச் செருகினாலும் அதைப் பெரிதாகத் தாண்ட முடியாது. கார்டு அப்போதும் 99 சதவீதத்தில் நின்றால், செயலியிடம் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று கொள்ளலாம்.

2017இல் வந்த ஐ5-8400இல் 6 கோர்கள் உண்டு, ஒரு கோரே இரண்டு வேலைகளை ஏற்கும் ஹைப்பர்திரெடிங் வசதி கிடையாது. புதிய ஓபன் வேர்ல்டு கேம்களில் ஆறு கோர்களும் நிரம்பிவிடும்போது, சராசரி எஃப்பிஎஸ் நன்றாக இருந்தாலும் இடையிடையே திக்கும். எஃப்பிஎஸ்ஸை அந்த வரம்புக்குச் சற்றுக் கீழே கட்டுப்படுத்தி வைத்தால் இது பெருமளவு குறையும். ஒரே ஒரு ரேம் மட்டும் செருகியிருந்தால், கார்டுக்கு முன்பாகவே அதே வகையில் இன்னொன்றைச் சேர்த்து இரட்டைச் சேனலாக்குங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று லேன்களின் (கார்டுக்கும் செயலிக்கும் இடையே தரவு செல்லும் பாதைகளின்) எண்ணிக்கை. உங்கள் மதர்போர்டில் கார்டு செருகும் ஸ்லாட் பிசிஐஇ 3.0 தலைமுறை. ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 6600 இரண்டும் 8 லேன்களையே பயன்படுத்துவதால், நொடிக்குச் சுமார் 8 ஜிபி வேகம்தான் கிடைக்கும். கேம் கார்டின் சொந்த நினைவகமான 8 ஜிபி விரேமுக்குள் அடங்கும்வரை இழப்பு சிறிதே. 4 லேனும் 4 ஜிபியும் கொண்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியை மட்டும் இந்தப் போர்டுக்கு வாங்கவே வேண்டாம். 16 லேனும் 12 ஜிபியும் உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 நல்ல விலையில் அமைந்தால் அதையும் பரிசீலிக்கலாம், ஆனால் அதற்கு 170 வாட் தேவை.

1050 டிஐ 75 வாட் கார்டு. பெரும்பாலான மாடல்கள் மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். 132 வாட் கொண்ட ஆர்எக்ஸ் 6600க்கு 8 பின் இணைப்பு தேவைப்படும் என்பதால், உங்கள் பவர் சப்ளையில் அந்த வயர் இருக்கிறதா என்பதைப் பார்த்த பிறகே கடைக்குச் செல்லுங்கள். இல்லையென்றால் மோலெக்ஸ் அடாப்டர் போட்டுச் சமாளிக்காமல், தரமான 550 வாட் பவர் சப்ளைக்கான (எஸ்எம்பிஎஸ்) தொகையையும் பட்ஜெட்டில் ஒதுக்கிவிடுங்கள்.