மருமக்கள் கதைப்பது விளங்க எந்த மென்பொருள்?

கொக்குவிலில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு எஸ் எடுத்தேன். வாசித்தால் ஓரளவு விளங்கும். ஆனால் கனடாவில் இருக்கும் அண்ணாவின் பிள்ளைகள் வீடியோ கோலில் 'மாமி' என்று தொடங்கி ஆங்கிலத்துக்குத் தாவினால் பாதி விளங்காது, பதிலும் வாயில் வராது. வீட்டில் பழைய லப்டொப் இருக்கிறது. டவுனில் ஒரு கடையில் ஆங்கிலம் படிப்பிக்கும் சீடி காட்டினார்கள். ஒன்லைனில் வருடச் சந்தா கட்டும் மென்பொருளும் இருக்கிறது. எதை வாங்கலாம்?"

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். வாசித்து விளங்குகிறவருக்குக் குறை காதிலும் வாயிலும்தான். அந்த இரண்டுக்கும் வேலை கொடுக்காத எந்த மென்பொருளும், என்ன விலையானாலும், உங்களுக்கு இன்னொரு பாடப்புத்தகம்தான்.

சீடியை வாங்கியே ஆக வேண்டும் என்றால், காசு கொடுக்க முன் கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஆங்கிலச் சொல்லின் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் மட்டும் தந்திருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். 'வைன்' என்று எழுதினால் முந்திரிகைக் கொடியா, மதுவா? கொடிக்கு மேற்பற்கள் கீழுதட்டைத் தொடும். மதுவுக்கு இரண்டு உதடுகளும் குவியும். நம்மிடம் இருப்பதோ ஒரே ஒரு வகரம். இதைக் கண்ணால் படிக்க முடியாது, கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

அதற்குத் தேவையானவை இலவசமாகவே கிடைக்கின்றன. பிபிசி லேர்னிங் இங்கிலிஷ் தளத்தில் 'சிக்ஸ் மினிட் இங்கிலிஷ்' என்ற ஒலிப்பாடங்கள் உண்டு. கதைப்பது முழுவதும் எழுத்திலும் இருக்கும். ஒன்றை ஒருமுறை இறக்கி வைத்தால் போதும், பிறகு டேட்டா செலவில்லாமல் எத்தனை தரமும் கேட்கலாம். ஒலியும் படமும் போடும் விஎல்சி பிளேயர் என்ற மென்பொருளில் போட்டு '[' விசையை அழுத்தினால் வேகம் குறையும், '=' அழுத்தினால் பழைய வேகம் வரும். முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள்.

அப்புறம் ஓடாசிட்டி. குரல் பதியும் மென்பொருள். பாடத்தில் ஒரேயொரு வசனத்தை எடுத்து, அவர்கள் சொன்னது போலச் சொல்லிப் பதிந்து, இரண்டையும் மாறி மாறிக் கேளுங்கள். 'நடந்தேன்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை நம்மில் பலர் 'வோக்கெட்' என்று இரண்டு அசையாகச் சொல்கிறோம். அவர்கள் வாயில் அது 'வோக்ட்', ஒரே அசை. என் மாணவி ஒருவருக்கு இதை எத்தனையோ தடவை சொல்லியும் பிடிபடவில்லை. தன் குரலைப் பதிந்து கேட்ட அன்றே தானாகத் திருத்திக்கொண்டார். நான் இந்த மென்பொருளை விடாமல் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

லப்டொப்பில் விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தியது இருந்தால், விண்டோஸ் விசையோடு 'எச்' அழுத்திக் கதையுங்கள், அது எழுதிக் காட்டும். இதற்கு இணையம் வேண்டும். முழு வசனமாகச் சொன்னால், ஒரு சொல்லின் உச்சரிப்பு பிழைத்தாலும் மற்றச் சொற்களை வைத்து ஊகித்துச் சரியாக எழுதிவிடும், ஆகவே அதை ஆசிரியராக நம்ப வேண்டாம்.

சந்தா மென்பொருளை மூன்று மாதம் கழித்து யோசிக்கலாம். கார்ட் விவரம் கேட்டால், இலவச நாட்கள் முடிந்ததும் தானாகக் காசு கழியுமா என்று பார்த்த பிறகே கொடுங்கள்.

பிபிசியில் பெரும்பாலும் பிரித்தானிய உச்சரிப்பு. உங்கள் மருமக்கள் 'வோட்டர்' என்பதைக் கிட்டத்தட்ட 'வாடர்' என்றுதான் சொல்வார்கள். அதனால் அண்ணாவிடம் ஒரு உதவி கேளுங்கள்: பிள்ளைகள் அன்று பள்ளிக்கூடத்தில் நடந்ததை ஒரு நிமிடம் வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்பட்டும். வாட்ஸ்அப்பில் அதை வேகமாக்கலாம், மெதுவாக்க முடியாது. லப்டொப்பில் இறக்கி விஎல்சியில் போடுங்கள், அங்கே மெதுவாகக் கேட்கலாம். பதிலையும் குரலாகவே அனுப்புங்கள்.