இயற்கை மருத்துவரைத் தேடிப் போகுமுன்

கேள்வி: என் மாமனாருக்கு வயது 63. 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். உள்ளங்கால்கள் மரத்துப்போயுள்ளன. இயற்கை மருத்துவர் ஒருவர் நடத்தும் முகாமில் 10 நாள் தங்கினால் மருந்துகளை அடியோடு விட்டுவிடலாம் என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். அந்த மருத்துவரின் தகுதியை எப்படி அறிவது? அவரை நம்பி அனுப்பலாமா?
- வாசகி, கரூர்

பதில்: மருத்துவரின் பட்டத்தை முதலில் பாருங்கள். இந்தியாவில் இத்துறைக்குரிய முறையான இளநிலைப் பட்டம், இயற்கை மருத்துவமும் யோகா அறிவியலும் சேர்ந்த பி.என்.ஒய்.எஸ். நான்கரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியும் கொண்ட இந்தப் பாடத்திட்டத்தில் உடற்கூறியல், உடலியங்கியல், நோய்க்குறியியல் ஆகியவற்றோடு நீர் சிகிச்சை, உணவு மருத்துவம், யோகா ஆகியவையும் கற்பிக்கப்படுகின்றன. சென்னை அரும்பாக்கத்தில் இதற்கென அரசுக் கல்லூரியே இருக்கிறது. ஆனால் சித்தா, ஆயுர்வேதம், யுனானி மருத்துவங்களுக்காக 2020-இல் சட்டம் இயற்றி அமைக்கப்பட்ட தேசிய ஆணையத்தின் வரம்புக்குள் இயற்கை மருத்துவம் வரவில்லை. ஆகவே சில மாதப் பயிற்சிச் சான்றிதழை வைத்துக்கொண்டு பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று போட்டுக்கொள்வோரும் உலவுகிறார்கள். பட்டம் எங்கே பெற்றார், மாநிலப் பதிவு எண் என்ன என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. முறையாகப் படித்தவர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

பட்டத்தைவிடவும் முதல் சந்திப்பு அதிகம் சொல்லிவிடும். நல்ல இயற்கை மருத்துவர் உறக்கம், மலச்சிக்கல், வேலை, சாப்பாட்டு நேரம், மனக்கவலை என்று நெடுநேரம் விசாரிப்பார். தற்போதைய மருந்துச் சீட்டையும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, சிறுநீரகம், இதயம் ஆகியவற்றின் பரிசோதனை முடிவுகளையும் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே சிகிச்சையைத் தீர்மானிப்பார். வயிற்றில் மண் பட்டி, நீராவிக் குளியல், உபவாசம் என்பவற்றை வருபவர்கள் எல்லோருக்கும் ஒரே அட்டவணையாக நீட்டுபவர் நோயாளியைப் பார்க்கவில்லை என்றே பொருள்.

உங்கள் மாமனாரின் நிலையில் இந்த வேறுபாடு உயிரோடு சம்பந்தப்பட்டது. இன்சுலின் போட்டுக்கொண்டு உபவாசம் இருந்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடலாம். அதற்கு அஞ்சி இன்சுலினைத் தாமாகவே நிறுத்தினால் அது மளமளவென்று ஏறலாம். மரத்துப்போன கால்களைச் சூடான நீரில் வைத்தால் தோல் வெந்து புண்ணாகும்வரை அவருக்குத் தெரியாமலே போகலாம். சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால், உடலுக்கு நல்லதென்று கொடுக்கும் இளநீரும் பழச்சாறும்கூட இரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டிவிடும். உணவு ஒழுங்காலும் எடைக் குறைப்பாலும் மருந்தின் அளவு குறைவது உண்மைதான். ஆனால் அதைக் குறைக்க வேண்டியவர், அளவுகளைக் கண்காணித்துவரும் சர்க்கரை நோய் மருத்துவர். அவரோடு கலந்து பேச மறுக்கும் இடத்துக்கு மாமனாரை அனுப்ப வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

'காந்தியடிகளே இயற்கை வைத்தியத்தை நம்பினாரே' என்று உறவினர்கள் சொல்லக்கூடும். நம்பினார், 1946-இல் புணேக்கு அருகில் உருளி காஞ்சனில் இயற்கை மருத்துவ ஆசிரமமே கண்டார். அவரே 1924-இல் குடல்வால் அழற்சி வந்தபோது, புணே சாசூன் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு இசைந்தார் என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: மலச்சிக்கலுக்கு இடுப்புக் குளியல் எடுக்கச் சொல்கிறார்கள். வீட்டிலேயே செய்யலாமா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: ஒருமுறை மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொண்டால் செய்யலாம். வெறும் வயிற்றில், தொப்புள் வரை குளிர்ந்த நீர் இருக்கும்படி தொட்டியில் அமர்ந்து, கால்களை வெளியே வைத்துக்கொண்டு, அடிவயிற்றை மெல்லத் துணியால் தேய்க்க வேண்டும். தொடக்கத்தில் 10 நிமிடம் போதும். கருவுற்றவர்களும் இதய நோயாளிகளும் மருத்துவர் சொல்லாமல் இதில் இறங்கக் கூடாது. மலத்தில் இரத்தம் கண்டாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, தொட்டியை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் பரிசோதனைக்குச் செல்லுங்கள்.