"அது டெல்லி விஷயம்" என்று மனுவைத் திருப்பித் தரலாமா?

கேள்வி: கடலூர் மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருக்கிறோம். நான் 1990-ல் மூன்று வயதில் படகில் வந்தவள். கணவர் 1986 மார்ச்சில் மண்டபம் முகாமில் பிறந்தவர். புதுச்சேரிக்கு பெயின்ட் வேலைக்குப் போய் வருகிறார். மகள் 2010-ல் கடலூரில் பிறந்தாள். குடியுரிமை மனுவோடு போனால், "அது டெல்லி விஷயம்" என்று வாங்கவே மறுக்கிறார்கள். யாரிடம் போவது?

பதில்: முடிவெடுப்பது டெல்லி என்பது உண்மைதான், சகோதரி. குடியுரிமை அரசியலமைப்பின் ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் நம்மிடம் இல்லை. ஆனால் மனுவை வாங்காமல் இருக்க இதெல்லாம் காரணமாகாது. அருணாசலப் பிரதேசத்தில் அகதிகளாக வந்து குடியேறிய சக்மா மக்களின் குடியுரிமை மனுக்களை உள்ளூர் அதிகாரிகள் மேலே அனுப்பாமலே வைத்திருந்தார்கள். அவற்றை அனுப்பியே ஆக வேண்டும், ஏற்பதா மறுப்பதா என்பது ஒன்றிய அரசின் வேலை என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் எழுத்தில் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

ஆனால் உங்கள் மூவருக்கும் ஒரே மனு பொருந்தாது.

உங்கள் கணவர் குடியுரிமை கேட்க வேண்டியதே இல்லை. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். மண்டபத்தில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கும்படி 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்கும் போட்டார். ஆகவே உங்கள் கையில் முதலில் இருக்க வேண்டியது கணவரின் பிறப்புச் சான்றிதழ். அப்போது பதிவு செய்யவில்லை என்றால் கடலூரில் அலைய வேண்டாம். பிறந்த இடம் ராமநாதபுரம் மாவட்டம், தாமதப் பதிவு அங்கேதான். ஓராண்டுக்கு மேல் தாமதமானதால் நிர்வாக நடுவரின் உத்தரவு தேவைப்படும். முகாம் பதிவேட்டு நகல், பள்ளிச் சான்று எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். பிறகு பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

உங்கள் நிலை கடினம். குடிமகனின் மனைவி பதிவு மூலம் குடியுரிமை பெறலாம், ஆனால் ஆவணமின்றி வந்தவரைச் சட்டம் "சட்டவிரோதக் குடியேறி" என்று விலக்குகிறது. குண்டுக்குத் தப்பி வந்த மூன்று வயதுக் குழந்தைக்கு அந்தப் பெயர் என்பது எனக்கு இன்றும் நெஞ்சை அறுக்கிறது. 2015 ஜனவரி 9 வரை தஞ்சம் புகுந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்கு 2025 செப்டம்பரில், ஆவணமின்றி வந்து தங்கியதற்கான தண்டனையிலிருந்து ஒன்றிய அரசு விலக்கு கொடுத்திருக்கிறது. அது பாதுகாப்பு மட்டுமே, குடியுரிமை ஆகாது. மகளுக்கும் இதே தடைதான்: 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் மட்டும் போதாது, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கவும் கூடாது. அப்படியிருந்தும் உங்கள் மனுவைக் கொடுத்து வையுங்கள். நாளை விதி தளர்ந்தாலோ நீதிமன்றம் போனாலோ, இன்றைய தேதியிட்ட ஒப்புகை பேசும்.

சரி, மாநில அரசு என்ன செய்யலாம்? அன்றாட வாழ்க்கை பெரும்பாலும் அதன் கையில்தான். 2021-ல் தமிழக அரசு 317.40 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவதும், மாத உதவியைக் குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 ரூபாயாக உயர்த்துவதும் அதில் அடங்கும். கல்லூரிக்கும் உதவித்தொகை உண்டு. மகள் பிளஸ் டூ முடிப்பதற்குள் முகாமைப் பார்க்கும் தனி வட்டாட்சியரிடம் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் புதுச்சேரி. எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் நிர்வாகமே வேறு. தமிழக உதவிகள் முகாம் பதிவோடு பிணைந்தவை. கணவர் வேலைக்குப் போய் வருவது வேறு, குடும்பத்தோடு வீடு மாற்றுவது வேறு. அப்படி ஒரு எண்ணம் இருந்தால், சாமான் ஏற்றும் முன் தனி வட்டாட்சியருக்கு எழுதிக் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.