கசிவது அணையா, மலையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அண்மையில் ஏ4 வீதியால் பெலிஹுல் ஓயாப் பக்கம் போனபோது சமனலவெவ அணைக்கட்டைப் பார்த்தோம். அணைக்குச் சற்றுக் கீழே, வலக்கரை மலையிலிருந்து ஓர் ஓடையே பிறப்பதுபோலத் தண்ணீர் பாய்கிறது. "அது அணையில விழுந்த ஓட்டை, முப்பது வருசமா அடைக்க ஏலாமக் கிடக்குது" என்றார் வான் ஓட்டி. உண்மையா? உண்மையென்றால் ஏன் அடைக்கவில்லை? என் மைத்துனர் நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி ஒரு விடுமுறை வீடு கட்ட அங்கே 20 பேர்ச் காணி பார்த்து வைத்திருக்கிறார். வாங்கலாமா என்று இப்போது எங்களுக்குள் ஒரே வாக்குவாதம்.

வாசகர், வெள்ளவத்தை

அன்புள்ள நண்பருக்கு,

வான் ஓட்டி சொன்னதில் முக்கால்வாசி சரி. ஓட்டை உண்டு, அது முழுதாக அடைபடவும் இல்லை. ஆனால் அது அணையில் இல்லை. நடுவில் களிமண் கரு, இருபுறமும் பாறைக்கல் என்று கட்டப்பட்ட, ஏறக்குறைய 100 மீட்டர் உயரமும் 530 மீட்டர் நீளமும் கொண்ட அந்த அணை தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. அணை தோள்கொடுத்து நிற்கும் வலக்கரை மலைதான் ஒழுகுகிறது.

நம் மத்திய மலைநாட்டுப் பாறைகளில் பெரும்பாலானவை நைஸ், சார்னோக்கைட் போன்றவை. நீரில் எளிதில் கரையாதவை. ஆனால் அவற்றுக்கிடையே பட்டை பட்டையாகப் பளிங்குச் சுண்ணாம்புக்கல் ஓடுகிறது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று மென்னமிலமாகி, வெடிப்புகள் வழியே இறங்கி, அந்தக் கல்லை மிக மெதுவாகக் கரைக்கிறது. காலப்போக்கில் மலைக்குள் பொந்துகளும் குழாய்ப் பாதைகளும் உண்டாகின்றன. அவற்றில் பல பின்னர் களிமண்ணால் நிரம்பிவிடும். இந்த அணை மறித்திருக்கும் வளவை கங்கை பள்ளத்தின் அடியில் ஓடிக்கொண்டிருந்த வரைக்கும் இந்தப் பொந்துகளால் எவருக்கும் தொல்லை இருக்கவில்லை.

ஒரு பள்ளத்தாக்கில் நீரைத் தேக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது மலைக்குள் இருக்கும் நிலத்தடி நீர்மட்டத்தை. சாதாரண மலையில் அது ஆற்றங்கரையிலிருந்து உள்ளே போகப் போக உயரும். தேக்கத்தின் முழு மட்டத்தைவிட அது உயர்ந்துவிட்டால், தேங்கிய நீர் அந்தப் பக்கம் வெளியேற வழியில்லை; மலை தன் சொந்த நீராலேயே கதவைச் சாத்திவிடும். சமனலவெவ வலக்கரையில் இந்தக் கதவு இல்லை. உள்ளே கிலோமீட்டர் கணக்கில் போனாலும் நீர்மட்டம் ஆற்று மட்டத்தை ஒட்டித் தாழ்ந்தே கிடக்கிறது. தன் மேல் விழும் மழையையே வைத்திருக்காத மலை, ஆற்றை எப்படித் தாங்கும்?

பொறியியலாளர்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. மலைக்குள் சுரங்கம் குடைந்து, அதிலிருந்து துளைகள் இட்டு, சீமெந்துக் குழம்பை அழுத்தி ஏற்றி ஒரு திரை எழுப்பினார்கள். இந்த வேலையில் முதலில் துளைக்குள் நீரை ஏற்றிப் பார்ப்பார்கள். 10 பார் அழுத்தத்தில் ஒரு மீட்டர் நீளத் துளை நிமிடத்துக்கு ஒரு லீட்டர் நீரை இழுத்தால் அது ஒரு லூஜியோன்; பாறை எவ்வளவு ஒழுகும் என்பதற்கான அளவு அது. பிறகு நீர்த்த குழம்பில் தொடங்கிப் படிப்படியாகத் தடிப்பாக்குவார்கள். அழுத்தமே ஏறாமல் துளை விழுங்கிக்கொண்டே போனால் நிறுத்தி, மணல் கலந்து, இறுகவிட்டு, மறுபடி துளைக்க வேண்டும். பொல்லாதது களிமண் அடைந்த பொந்துதான். சோதனையில் அது நீரை இழுக்காது; "இறுக்கமான பாறை" என்றே காட்டும். சீமெந்தும் களிமண்ணுக்குள் புகாது. தேக்கம் நிரம்பி, ஒவ்வொரு 10 மீட்டர் நீருக்கும் ஒரு பார் அழுத்தம் கூடும்போது, அந்தக் களிமண் அடைப்பு நகரத் தொடங்கும். திரைக்கு ஒரு முடிவும் வேண்டும். உயர்ந்த நிலத்தடி நீருடனோ கெட்டிப் பாறையுடனோ அதைக் கொண்டுபோய் முடிய வேண்டும். அப்படி ஓரிடம் எட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் நீர் திரையின் ஓரத்தைச் சுற்றிப் போய்விடும்.

அதுதான் நடந்தது. 1992 ஒக்டோபர் 22 அன்று, தேக்கம் நிரம்பிக்கொண்டிருந்தபோதே, அணைக்குக் கீழே வலக்கரைச் சரிவு வெடித்துத் திறந்தது. தொடக்கத்தில் வினாடிக்குச் சுமார் 7 கன மீட்டர் நீர் பாய்ந்து, ஏறத்தாழ 25,000 கன மீட்டர் மண்ணை அள்ளிச் சென்றது. பிறகு ஓட்டம் தணிந்து தெளிந்தது. 1998இல் அடிப்பக்கம் திறக்கும் படகுகளிலிருந்து தேக்கத்தின் உட்கரையில் களிமண் கொட்டினார்கள். உறிஞ்சும் வாய்களை நோக்கி நீரே அந்த மண்ணை இழுத்துச் சென்று மூடட்டும் என்பது கணக்கு. கசிவு குறைந்தது, நிற்கவில்லை. இப்போது ஏறத்தாழ வினாடிக்கு 2 கன மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வினாடிக்கு 2 கன மீட்டர் என்றால் ஆண்டுக்கு 6 கோடி கன மீட்டருக்கு மேல். தேக்கத்தின் முழுக் கொள்ளளவு சுமார் 27.8 கோடி. இந்த நீர் 5 கிலோமீட்டருக்கு மேல் நீளும் சுரங்கத்தால் கப்புகல மின்நிலையத்துக்குப் போயிருந்தால், 300 மீட்டருக்கு மேற்பட்ட வீழ்ச்சியில் இடைவிடாமல் 5 மெகாவாட் அளவு கிடைத்திருக்கும். 120 மெகாவாட் நிலையத்துக்கு இது சிறு இழப்பு அல்ல. ஆயினும் எல்லாமே வீண் என்று சொல்ல மாட்டேன். அணைக்கும் மின்நிலையத்துக்கும் இடைப்பட்ட ஆற்றுப் பகுதியில் கல்தோட்டை வயல்கள் இருக்கின்றன. அணையிலிருந்து எப்படியும் விட்டாக வேண்டிய பாசன நீரில் பெரும் பங்கை இந்தக் கசிவே கொடுத்துவிடுகிறது.

வெளிவாயை ஏன் அடைக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அடைத்தால் மலைக்குள் அழுத்தம் ஏறும். நீர் வேறு வாய் தேடும். அது அணையின் தோளுக்குப் பக்கத்தில் திறந்தால், வான் ஓட்டி சொன்ன கதை நிசமாகிவிடும். ஆகவே உட்புகும் வாயை மூடலாம், வெளிவாயை மூடக்கூடாது. வெளிவாயில் செய்யக்கூடியது, நீரை விட்டு மண்ணைப் பிடித்துவைக்கும் கல் வடிகட்டி இடுவதுதான்.

கசிவின் அளவைவிட அதன் நிறம் முக்கியம். தேக்க மட்டம் ஏறும்போது கசிவு கூடுவதும் இறங்கும்போது குறைவதும் இயல்பு. மட்டம் மாறாமலே கசிவு கூடினாலோ, திடீரெனக் குறைந்தாலோ, மழையில்லா நாளில் கலங்கலாக வந்தாலோ, மலைக்குள் ஏதோ இடம்பெயர்கிறது என்று பொருள். நீங்கள் பார்த்த நீர் தெளிவாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இனி மைத்துனரின் காணி. நீர்த்தேக்கக் கரைச் சரிவுக்கு ஆபத்தான நேரம், நீர் நிரம்பும்போதைவிட வேகமாக இறங்கும்போதுதான். நிரம்பியிருக்கையில் சரிவுக்குள் நீர் ஊறியிருக்கும். வெளியே தேங்கிய நீரோ அதைத் தாங்கிப் பிடிக்கும். மின் உற்பத்திக்காக மட்டம் இறங்கும்போது வெளித்தாங்கல் போய்விடும், உள்ளே ஊறிய நீர் அதே வேகத்தில் வடியாது. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் நீர் வற்றி, அதில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் தெரிந்ததும் படம் எடுக்க ஓடுகிறோமே, சுற்றியுள்ள சரிவுகள் மிகவும் பலவீனப்படும் காலமும் அதுவே. சமனலவெவவில் காற்றும் சேர்ந்துகொள்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டி வறண்டு பலமாக இறங்கும் இடம் அது. அலை கரையின் அடியை அரிக்கும்; மேலே உள்ள மண் தாங்கலின்றி நிற்கும்.

அங்கே போனால் மரங்களின் அடியைப் பாருங்கள். அடி வளைந்து நுனி நேராக நின்றால் மண் மெதுவாக நகர்கிறது. பிறை வடிவ வெடிப்பு, படிபோல இறங்கிய நிலம், கோடையிலும் கசியும் ஊற்று, கிண்ணம்போல அமுங்கிய குழி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் விலை பேசவே வேண்டாம். குழி இருந்தால் கீழே சுண்ணாம்புக்கல் இருக்கிறதா என்று துளையிட்டுப் பார்க்காமல் அத்திவாரம் போடக்கூடாது. எதுவுமே இல்லாவிட்டாலும், சரிவை வெட்டித் தளம் எடுப்பதும், மலசலகூடக் குழி நீரைச் சரிவுக்குள் விடுவதும் நல்ல காணியையும் கெடுத்துவிடும்.

இரத்தினபுரி மண்சரிவு அபாயமுள்ள மாவட்டம் என்பதால் கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி தேவைப்படும். காணி நீர்த்தேக்க ஒதுக்கீட்டு எல்லைக்குள் வருகிறதா என்பதைப் பிரதேச செயலகத்தில் வரைபடத்தோடு கேட்டுக்கொள்ளுங்கள். தரகரின் வாய்ச்சொல் போதாது. இவை இரண்டும் கைக்கு வருமுன் உறுதி எழுதவோ முற்பணம் கொடுக்கவோ வேண்டாம். காணியை இருமுறை பார்க்கச் சொல்லுங்கள்: நீர் நன்றாக இறங்கியிருக்கும்போது ஒருமுறை, ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு ஒருமுறை.