எலிக்கு எத்தன குரோமோசோம்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அறுப்பு முடிஞ்சதும் எங்க ஊர் வயல்ல எலி புடிக்க வர்றவங்க ஒரே வரப்புல மூணு நாலு வகை எலி காட்டுறாங்க, எனக்கு எல்லாம் ஒண்ணு மாதிரிதான் தெரியுது. குரோமோசோம எண்ணுனா ஈஸியா பிரிச்சிடலாம்னு காலேஜ் படிக்கிற பையன் சொல்றான். நெசமாவா? (வாசகர், பாகூர்)

பதில்: பாதி நெசம்ங்க. குரோமோசோம்னா செல்லுக்குள்ள டிஎன்ஏ சுருட்டி வச்சிருக்குற கட்டு. வரப்புல வளை தோண்டி கதிர இழுத்துட்டுப் போய் சேத்து வைக்குதே அந்த வயல் எலிக்கு 42, சின்ன சுண்டெலிங்களுக்கு 40, முள்ளு மாதிரி முடி இருக்குற சுண்டெலி வகை ஒண்ணுக்கு வெறும் 26. அதனால முள்ளு முடிக்காரன எண்ணியே கண்டுபுடிச்சிடலாம். ஆனா வீட்டுச் சுண்டெலிக்கும் 40, வயல் சுண்டெலிக்கும் 40, அங்க எண்ணிக்கை கை குடுக்காது. இன்னும் கேளுங்க, மஸ் டெரிகலர்னு நம்ம நாட்டு வயல் சுண்டெலி ஒண்ணு இருக்கு, அதுலயே மூணு வகைன்னு காசி பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்துல டி. சர்மாவோட குழு கண்டுபுடிச்சாங்க. மூணுக்குமே 40தான், வித்தியாசம் என்னன்னா சில குரோமோசோம்ல குட்டியா ஒரு கை முளைச்சிருக்கு, அந்தக் கை முழுக்க திரும்பத் திரும்ப வர்ற டிஎன்ஏதான். எத்தனைன்னு மட்டும் பாத்தா போதாது, எப்புடி இருக்குன்னும் பாக்கணும். அப்புறம் உங்க பையன் மூஞ்சூறையும் லிஸ்ட்ல சேத்திருந்தா எடுத்துடச் சொல்லுங்க, அது எலி இனமே கிடையாது.

கேள்வி: ஒரே எழுத்து வரிசை ஆயிரக்கணக்குல ரிப்பீட் ஆகுற டிஎன்ஏ ஜீன் எதுவும் இல்லாம சும்மா கெடக்குறதுன்னு படிச்சோம். சும்மா கெடக்குறது எப்புடி குரோமோசோமையே மாத்தும்? (எம்எஸ்சி மாணவி, காலாப்பட்டு)

பதில்: நல்லா கேட்டம்மா, இதுக்கு கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், ஆசிரியர் திட்டுனா திட்டட்டும்.

வீட்டுச் சுண்டெலிய எடுத்துக்கோ. நீ சொன்ன ரிப்பீட் டிஎன்ஏவுக்கு சாட்டிலைட்னு பேரு. அதுல மேஜர் சாட்டிலைட்னு ஒண்ணு, 234 எழுத்து, அது வரிசையா வந்துக்கிட்டே இருக்கும். மைனர் சாட்டிலைட்னு இன்னொண்ணு, அது 120 எழுத்து. மேஜர் சாட்டிலைட் எங்க உக்காந்திருக்குன்னு 1970ல மேரி லூ பார்டியூவும் ஜோசஃப் காலும் ஸ்லைடு மேலயே காட்டினாங்க, குரோமோசோமோட சென்ட்ரோமியர் பக்கத்துல. செல் பிரியும்போது கயிறு வந்து புடிச்சி இழுக்குற எடம் அது. சுண்டெலியோட 40 குரோமோசோம்லயும் சென்ட்ரோமியர் ஒரு ஓரத்துல, நுனிய ஒட்டி இருக்கு. கிட்டத்தட்ட எல்லா நுனியிலயும் ஒரே சாட்டிலைட், ஒரே எழுத்து. இங்கதான் விவகாரமே. அந்த எடத்துல டிஎன்ஏ உடைஞ்சா செல்லு அத ஒட்டப் பாக்கும், எதோட ஒட்டுறதுன்னு எழுத்த வச்சிதான் தேடும், முகூர்த்த நாள்ல மஞ்சக்குப்பம் பக்கம் எல்லா மண்டபத்துலயும் ஒரே மாதிரி வாழமரம், ஒரே மாதிரி சீரியல் லைட்டு, நம்மாளு வேற கல்யாணத்துல போய் மொய் எழுதிட்டு வந்துடுறான் பாரு, அந்தக் கதைதான். மைனர் சாட்டிலைட்டுக்குள்ளயே உடைஞ்சி, நுனிய மூடியிருந்த டெலோமியர்ங்கற மூடி கழண்டு போயி, ரெண்டு குரோமோசோம் ஒட்டி ஒண்ணாயிடுது. முக்கியமான ஜீன் எதுவும் தொலையாததால எலி பாட்டுக்கு ஓடிட்டிருக்கும். இதுக்கு ராபர்ட்சோனியன் இணைப்புன்னு பேரு, 1916ல ராபர்ட்சன் வெட்டுக்கிளியில பாத்து எழுதினது.

இப்புடியே சேந்து சேந்து போனா என்ன ஆகும்? போர்ச்சுகலுக்கு சொந்தமான மதெய்ரா தீவுல பாரு. செங்குத்தான மலை, நடுவுல ஆழமான பள்ளத்தாக்கு. மனுஷங்க கப்பல்ல வந்து எறங்குன சுண்டெலி, மிஞ்சிப்போனா ஆயிரம் வருஷம் இருக்கும், அதுக்குள்ள பள்ளத்தாக்குக்கு ஒண்ணா ஆறு தனி வகை ஆயிடுச்சி, 40 இருந்தது 22லேந்து 30 வரைக்கும் கொறைஞ்சி போச்சி. 2000ல நேச்சர் இதழ்ல வந்த சங்கதி இது. ஒரு வகையில அஞ்சாம் நம்பர் குரோமோசோமும் எட்டாம் நம்பரும் ஒட்டியிருக்குன்னு வை, இன்னொரு வகையில அஞ்சும் ஒம்பதும் ஒட்டியிருக்குன்னு வை (சும்மா உதாரணத்துக்கு சொன்ன நம்பர்), ரெண்டும் சேந்து குட்டி போட்டா அந்தக் குட்டி விந்தோ முட்டையோ உண்டாக்கும்போது குரோமோசோமெல்லாம் சங்கிலியா மாட்டிக்கிட்டு சரியா பிரியாது. வம்சம் அங்கயே அடி வாங்குது.

ஆனா ஒண்ணு, ரிப்பீட் டிஎன்ஏதான் எல்லாத்துக்கும் காரணம்னு எழுதிடாத. தென் அமெரிக்காவுல மண்ணுக்குள்ள வாழுற டூக்கோ டூக்கோன்னு ஒரு கொறித்துண்ணி, அதுல வகைக்கு வகை 10லேந்து 70 வரைக்கும் குரோமோசோம் இருக்கு. சாட்டிலைட் அளவு ஏறி எறங்குன கிளையிலதான் குரோமோசோமும் அதிகமா மாறியிருக்கு. அத வச்சி ரெண்டும் சேந்து போவுதுன்னு சொல்லலாம், எது எத இழுத்துட்டுப் போச்சின்னு சொல்ல முடியாது. அர்ஜென்டினாவுல ஒரு எலிக்கு 102 இருக்கு, மொதல்ல ஜீனோமே, அதாவது மொத்த டிஎன்ஏ தொகுப்பே ரெட்டிப்பாயிடுச்சின்னாங்க, பின்னாடி பாத்தா ரெட்டிப்பு இல்ல, ரிப்பீட் டிஎன்ஏ பெருத்துப் போனதுதான்னு தெரிஞ்சது. என் கட்சி என்னன்னா, ரிப்பீட் கதவத் தொறந்து வைக்குது, உள்ள யாரு வர்றாங்கறத தனிமையும் சின்னக் கூட்டமும்தான் முடிவு பண்ணுது.

கேள்வி: கடலூர் ஓல்டு டவுன்ல எங்க குடோன்ல கருப்பெலி தொல்ல. வெளிநாட்டுக் கப்பல்லேந்து எறங்குனதுன்னு தாத்தா சொல்லுவாரு. (வியாபாரி, கடலூர்)

பதில்: தாத்தா தலைகீழா சொல்லிட்டாரு அண்ணாச்சி. ஜப்பான்காரர் யோசிடா இந்த எலிய நாடு நாடா புடிச்சி குரோமோசோம எண்ணுனாரு. கிழக்கு ஆசியாவுல 42, இலங்கையில 40, நம்ம பக்கம் 38, ஐரோப்பாவுலயும் 38. இலங்கை எலியில 11ம் நம்பர் குரோமோசோமும் 12ம் நம்பரும் ஒட்டியிருக்கு, நம்ம எலியில அதோட 4ம் 7ம் கூட ஒட்டியிருக்கு. ஆக 38 குரோமோசோம் இருக்குற வகை தென்னிந்தியாவுல உண்டாகி மேற்க போச்சின்னு அவரு முடிவு பண்ணாரு. நம்ம ஊருதான் ஏத்துமதி பண்ணியிருக்கு! தொல்லைக்கு என்கிட்ட மருந்து இல்ல, மூட்டைய தரையில போடாம கட்டை மேல அடுக்குங்க.

கேள்வி: மனுஷனுக்கும் இப்புடி ஒட்டிக்குமா? (வாசகி, நெல்லிக்குப்பம்)

பதில்: ஒட்டும்மா. சுமார் ஆயிரத்துல ஒருத்தருக்கு 46க்கு பதிலா 45 இருக்கும், பெரும்பாலும் 13ம் 14ம் சேந்தது. அவங்க நல்லாத்தான் இருப்பாங்க, தெரியவே தெரியாது. கரு அடிக்கடி கலையுதுன்னா டாக்டர் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் கேரியோடைப் டெஸ்ட், அதாவது குரோமோசோம எண்ணிப் பாக்குற டெஸ்ட் எழுதுவாரு, அப்பதான் வெளிய வரும். இது யார் தப்பும் இல்ல, மாமியார் கிட்ட இத படிச்சிக் காட்டுங்க.

கேள்வி: காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு எலி குரோமோசோம் பாக்கணும், எப்புடி சார்? (மாணவர், சிதம்பரம்)

பதில்: தொடை எலும்பு மஜ்ஜைதான் எடுப்பாங்க தம்பி. அதுக்கு முன்னாடி எலிக்கு கோல்ச்சிசின் போட்டு செல்லு பிரியுறத பாதியில நிறுத்துவாங்க. அந்த கோல்ச்சிசின் எங்கேந்து வருது தெரியுமா, நம்ம செங்காந்தள் விதையிலயும் அது இருக்கு, கண்வலிக்கிழங்குன்னு சொல்வோமே அதேதான். மஜ்ஜைய 0.075 மோலார் பொட்டாசியம் குளோரைடுல உப்ப வச்சி, மூணு பங்கு மெத்தனால் ஒரு பங்கு அசிட்டிக் ஆசிட்ல பதப்படுத்தி, ஸ்லைடு மேல சொட்டு விட்டு ஜீம்சா சாயம் போடணும். ரிப்பீட் நெறைய இருக்குற எடம் கருப்பா தனியா தெரியணும்னா சி பேண்டிங், அதுக்கு பேரியம் ஹைட்ராக்சைடு. நேரம் ஒரு நொடி கூடுனாலும் படம் வெளுத்துடும்னு லேப் ஆளுங்க பொலம்புவாங்க. காலேஜ் விலங்கு நெறிமுறைக் கமிட்டி ஒப்புதல் இல்லாம ஒரு எலியையும் தொடாத, வயல் எலின்னா கிளவுஸ் இல்லாம தொடவே தொடாத, எலிக்காய்ச்சல் வந்தா ப்ராஜெக்ட் ஜிப்மர் வார்டுலதான் முடியும்.